சூட்டு முள் ஏறிய மூன்று வாரம்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகச் சூளைக்காரர். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில், மின்கம்பத்துக்கு இன்சுலேட்டரும் வீடுகளுக்குப் ப்யூஸ் கட்டையும் செய்கிற ஒரு யூனிட்டில் சூளை அவர் பொறுப்பு. அரை மணிக்கு ஒருமுறை சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் அதே யூனிட்டில் ஊற்றுப் பிரிவில் இருந்தவள். மண் குழம்பை அச்சில் ஊற்றுவது, இறுகியதும் எடுப்பது, காய்ந்தபின் பிசிறு தட்டுவது என்று இருபத்திரண்டு வருஷம். ஆக, சூட்டைப் பற்றி அவருக்கும் மண்ணைப் பற்றி எனக்கும் யாரும் வந்து பாடம் நடத்தத் தேவையில்லை என்ற திமிர் எங்கள் இரண்டு பேருக்குமே இருந்தது. போன வருஷம் மே மாதம் எங்கள் பழைய கார் அந்தத் திமிரைக் கொஞ்சம் இறக்கி வைத்தது. அந்தக் காருக்கும், அது எங்கள் வாசலில் பிரிந்து கிடந்த அந்த இரண்டு நாளுக்கும் நான் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒருமுறை எழுதியும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் புதுச்சேரியில் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தார்கள். மார்பில் வந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்து, ஊசி மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, கடைசியாக இது. கதிர்வீச்சு என்று காகிதத்தில் போட்டிருப்பார்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அது கரண்டுதான். மொத்தம் இருபத்தைந்து நாள். சனி, ஞாயிறு கிடையாது. இருபத்தைந்து கட்டம் போட்ட ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் நர்ஸ் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். "நடுவுல நாளு வுட்டுடாதீங்கம்மா, பட்டதெல்லாம் வீணாப் போயிடும்" என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் இரண்டு நாள் போய்ப் பார்த்தோம். கரண்ட் வைத்த இடத்துத் தோல் வெந்து கறுத்துப்போய், புடவை பட்டாலே எரியும். கூட்டத்தில் யாராவது முழங்கையை வைத்துவிட்டால் உயிர் போய் வரும். அதனால் மூன்றாம் நாளிலிருந்து காரை எடுத்தார். பழைய கார்தான், எங்கள் கல்யாண பீரோவுக்கு அடுத்தபடியாக வீட்டில் வயதான பொருள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியம் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவோம். என்னை வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு வாய் சாப்பிட்டு, அதே காரில் யூனிட்டுக்குப் போவார். மதியத்துக்கு மேல் வந்து சூளையைப் பார்த்தால் போதும் என்று முதலாளி விட்டுக்கொடுத்திருந்தார். அங்கே நிழல் என்று இருப்பது மண் குடோன் ஓரம் ஒன்றுதான். காரை அங்கேதான் நிறுத்துவார்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் முதல் வேலை காரைக் கழுவுவது. டாக்டர் எவ்வளவோ சொன்னார். அதில் இவர் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: தூசு ஆகாது. பைப்பை மாட்டி, முன்பக்கக் கிரில்லுக்குள்ளே தண்ணீரைப் பீய்ச்சி, டயர்வரைக்கும் தேய்த்துக் கழுவுவார். ஏசிக் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஒரு மணி நேரம் ஆகும். நான் உள்ளே ஒற்றை ஆளாகக் கட்டிலில் உட்கார்ந்து பைப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் கோபம் கோபமாக வரும். என் மொட்டைத் தலையைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வெளியே நிற்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, பதினைந்தாவது கட்டத்தில் கையெழுத்து வாங்கித் திரும்பும்போது, வடலூர் தாண்டி முந்திரித் தோப்புப் பக்கம் வண்டியிலிருந்து ஆவி கிளம்பியது. சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். நல்ல கத்திரி வெயில். அவருக்கு மங்கலம்பேட்டையில் ஒரு சிநேகிதர் உண்டு. பதினாறு வருஷம் வளைகுடாவில் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் போன் போட்டார். ரேடியேட்டர் மூடியை இப்போது தொடவே கூடாது, முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாருங்கள், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் அது வெளியே இழுத்துவிடும் என்று பாய் சொன்னார்.

அந்தக் காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் யாருக்கு அது வேண்டும். என்னைப் பின் சீட்டுக்கு மாற்றிவிட்டு, கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, சூட்டுக் காற்று முழுவதும் தன் காலில் அடிக்கிற மாதிரி திருப்பிவைத்துக்கொண்டு ஓட்டினார். வீடு வந்து சேர்ந்தபோது அவர் முழங்காலுக்குக் கீழே சிவந்து கிடந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் எனக்கு மனசு இளகவில்லை. அந்த அளவுக்கு அலுத்துப்போயிருந்தேன்.

கட்டம் போட்ட தாளை எடுத்துப் பிரிட்ஜ் மேல் வீசினேன். "போதுங்க. இதோட வுட்டுடலாம். காரும் வேணாம், கரண்டும் வேணாம்."

  அவர் வெளியே போனார். பைப் சத்தம் கேட்டது. அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் நீங்கள் என்னைத்தான் தப்பாக நினைப்பீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை வழக்கமான மெக்கானிக்குக்குப் போன் செய்தார். அவர் அக்கா மகளுக்குக் காது குத்து என்று வேப்பூரில் இருந்தார். திங்கள் சாயங்காலம்தான் வர முடியுமாம். என் வீட்டுக்காரர் வாடகைக் கார் கேட்டுப் பார்த்தார். ஞாயிறும் திங்களும் முகூர்த்தம், தெரிந்த வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் பேசிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நானாக நிறுத்தவில்லை, வண்டி நின்றுவிட்டது என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. மிச்சம் பத்து நாளைக்கு உடம்பில் தெம்பு இல்லை என்பதைவிட இது கௌரவமான காரணம்.

அவர் வாசலில் சாக்கு விரித்து, போனை ஒரு செங்கல்லில் சாய்த்துவைத்து, மங்கலம்பேட்டை பாய் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். ரப்பர் குழாய் எங்கும் கசியவில்லை. இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. காற்றாடி நன்றாகச் சுற்றியது. தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு, இன்ஜின் சூடானால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுமாம். அதைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, கொதிக்கவைத்துப் பார்க்கப் பாத்திரம் கேட்டார்.

"ரசம் வெக்கிற ஈயச் சொம்பு தரட்டுங்களா?" என்றேன்.

என் குத்தல் அவருக்கு உறைக்கவில்லை. "அது வேணாம், பழைய அலுமினியச் சட்டி இருக்குதுல்ல, அத குடு" என்றார். அடுப்பின் முன்னால் குனிந்து நின்று, தண்ணீர் கொதி வருகிற நேரத்தில் வால்வு வாயைத் திறப்பதைப் பார்த்து, நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வால்வு சரி. ஆக எல்லாமே சரி. எல்லாம் சரியாக இருக்கிற வண்டி ஏன் கொதிக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயே டூவீலரில் வந்து இறங்கினார், டூல்ஸ் பையோடு. "அக்கா, ஒடம்பு எப்பிடி இருக்குது?" என்றார். "கார மொதல்ல பாருங்க பாய், எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வேடிக்கை பார்க்கத்தான் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் தன் நோட்டைக் கொடுத்தார். அதில் சூளைக் கணக்குக்குப் பின்னால், மூன்று வாரத்துக்கும் காரின் சூட்டு முள் எங்கெங்கே எப்படி நின்றது என்று எழுதியிருந்தார். நெய்வேலி, பாதி. வடலூர், பாதி. குறிஞ்சிப்பாடி, பாதிக்கு ஒரு நூல் மேலே. கடலூர், ஒரு நூல் மேலே. இப்படித் தினம் தினம். இந்தக் கிறுக்கை எனக்கு முன்னமே தெரியும், தலையில் அடித்துக்கொண்டதுதான். பாய் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது திடீர்னு கெட்டுப்போனது இல்ல. மூணு வாரமா நூலு நூலா ஏறியிருக்குது. எதோ ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா அடைக்குது. நான் இருந்த எடத்துல மணலு அடைக்கும். ஆனா நீங்க இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்களே." கிரில்லைக் கழற்றி உள்ளே பார்த்தார். பளபளவென்று இருந்தது.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு பேப்பரு குடுங்க. பழசா இருந்தாலும் பரவால்ல" என்றார். காற்றாடி சுற்றும்போது முன்பக்கக் காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்கும். வழி நன்றாக இருந்தால் முன்னால் பிடிக்கிற காகிதம் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று விளக்கினார்.

நான் எழுந்து போய்ப் பிரிட்ஜ் மேலிருந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு காகிதம் இல்லாமல் இல்லை. "இந்தாங்க பாய். இதுக்காவது ஒதவட்டும்" என்றேன். அது என்ன தாள் என்று பாய்க்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். கையை நீட்டினார், பிறகு நீட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார்கள். காற்றாடி இரைந்தது. பாய் தாளை முன்னால் வைத்து விட்டார். அது நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் விழுந்தது.

"ஆப்டுச்சு" என்றார் பாய்.

முன்னால் தெரிவது ஏசிக்கான சல்லடை. அதற்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளியில்தான் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. இன்ஜின் ஆறும்வரை டீ குடித்தோம். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு ரேடியேட்டரைக் கழற்றி எடுத்தார். அதன் முகம் முழுக்க வெள்ளையாக, ஒரே பலகையாக அடைத்துக்கொண்டிருந்தது. துளை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"சுண்ணாம்பா? உப்புத் தண்ணி படிஞ்சதா?" பாய் திருப்புளியால் சுரண்டப் போனார். "ஆசிட்டுதான் வுடணும். இல்லன்னா புதுசு மாத்தணும். புதுசு கடலூர்லேர்ந்து வரணும், செவ்வாக்கெழம ஆயிடும்."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். ஒரு துணுக்கைப் பெயர்த்து விரலில் தேய்த்தேன். நாக்கு நுனியில் வைத்தேன். பிடித்து இழுத்தது. சுண்ணாம்பு இப்படி இழுக்காது, உப்பு கரைந்துவிடும். நாக்கைப் பிடித்து இழுக்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான், அதோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

"நம்ம குடோன் மண்ணுங்க" என்றேன் அவரைப் பார்த்து.

மதியமெல்லாம் குடோன் ஓரம் நின்ற காரின் கிரில்லுக்குள் வெள்ளை மண்தூசு இறங்கியிருக்கிறது. சாயங்காலம் அதன்மேல் இவர் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறார். முன்னால் இருந்த தூசெல்லாம் குழம்பாகி, முன் சல்லடை வழியாகப் பின்னால் போய் ரேடியேட்டரில் படிந்திருக்கிறது. மறுநாள் காலையில் புதுச்சேரிக்குப் போகிற சூட்டில் அது காய்ந்திருக்கிறது. சாயங்காலம் அடுத்த பூச்சு. நாங்கள் யூனிட்டில் அச்சில் செய்கிற அதே வேலை. மூன்று வாரம் தப்பாமல், ஒரு நாள்கூட விடாமல், இவர் தன் காரின் ரேடியேட்டரில் ஒரு பலகை வார்த்திருக்கிறார். இதை வேறு ஊரில் ஒருத்தராலும் செய்ய முடியாது.

"அண்ணே, முன்னாடி எதுக்கு அடிச்சீங்க?" என்றார் பாய்.

"ஏசிக்குள்ள தூசு போவக்கூடாதுன்னு."

"ஏசிக்குக் காத்து கண்ணாடிக்குக் கீழேர்ந்துல்ல வருது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லியே."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கை இரண்டும் முழங்கால் மேல். "நான்தான் அடச்சிருக்கேன்" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "உள்ள வந்து ஒக்காந்தா இவ எரிச்சல்ல முனகுறது கேக்கும். எனக்கு ஒண்ணும் பண்ணத் தெரியாது. அதான் எதையாவது கழுவிக்கிட்டு நிப்பேன்" என்றார்.

பாய் டூல்ஸ் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார், இல்லாத சாமானை.  மூன்று வாரம் நான் அவர் மேல் வைத்திருந்த கோபம் எல்லாம் எவ்வளவு தப்பு என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. அழக்கூடப் பொழுதில்லை, ஏனென்றால் பாய் பைப்பைக் கையில் எடுத்துவிட்டார்.

"தண்ணி அடிக்காதீங்க பாய்" என்றேன். "இப்ப இது அர ஈரத்துல இருக்குது. அடிச்சா ஊறி, பசையாட்டம் இன்னும் உள்ள போவும். மொதல்ல வெயில்ல போட்டு நல்லா காய வைக்கணும். ஒரு பொட்டு ஈரம் இருக்கக்கூடாது. அப்புறம் தண்ணியில முக்குனா தானா வுட்டுரும்."

பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. "காய்ஞ்சா இறுகிடாதாக்கா?"

"சூளையில வெந்தாத்தான் பாய் மாறாது. இது வேவல, வெறுமனே காயுது. எவ்ளோ காயுதோ அவ்ளோ சுருக்கா கரையும்." யூனிட்டில் தட்டிய பிசிறை மறுபடியும் தொட்டியில் போடுவதற்கு முன் நாங்கள் மொட்டை மாடியில் காயவைப்போம். ஈரத்தோடு போட்டால் நாள் கணக்கில் கட்டியாகவே கிடக்கும். இது படித்துத் தெரிந்துகொண்டதில்லை, அங்கே வேலை பார்க்கிற எல்லாருக்கும் கையோடு வந்தது.

குழாய் வாய்களில் துணியை அடைத்து, ரேடியேட்டரை மொட்டை மாடியில் வெயிலில் கிடத்தினோம். மூன்று மணி நேரம். நடுவில் இரண்டு தரம் நான் மாடி ஏறிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். முந்தின நாள் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை என்று படுத்துக்கிடந்தவள்தான். என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஏறி வந்தார், நான் விழுந்தால் பிடிப்பதற்கு.

மூன்று மணிக்குத் துணி ஊறவைக்கிற பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து அதை மெல்ல இறக்கினோம். நாங்கள் மூன்று பேரும் டப்பைச் சுற்றிக் குந்திக்கொண்டோம். காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும், சன்னமாகப் பொரிகிற சத்தம். அது வந்தது. குமிழ் குமிழாகக் கிளம்பி, ஓரம் உதிர்ந்து, தண்ணீர் பால் நிறமானது. இரண்டு தண்ணீர் மாற்றினோம். மிச்சத்தை நான் யூனிட்டில் மேல்பூச்சுக்கு வைத்திருந்த மெல்லிய பிரஷ்ஷால் தகடு மடங்காமல் தடவி எடுத்தேன். தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தபோது, துளைகள் வழியாகப் பாயின் சட்டைக் கட்டம் தெரிந்தது.

"பதினாறு வருஷம் அங்க இருந்தேன், இத எவனும் சொல்லலக்கா" என்றார் பாய்.

ஏசிச் சல்லடையின் முதுகிலும் கொஞ்சம் படிந்திருந்தது. அதையும் ஊறவைத்துக் கழுவி, எல்லாவற்றையும் மாட்டி, பாய் கொண்டு வந்திருந்த கூலன்ட்டை ஊற்றி, காற்று வெளியேறும்வரை மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டார்கள். முள் ஏறி, பாதியில் நின்றது. ஏசியைப் போட்டார்கள். பாய் காகிதம் கேட்டார்.

அது காலையில் விழுந்த இடத்திலேயே, நாற்காலிக் காலடியில் கிடந்தது. நானே எடுத்து, நானே முன்னால் வைத்துக் கையை விட்டேன். சட்டென்று ஒட்டிக்கொண்டது. கையெழுத்துப் போட்ட பதினைந்து கட்டமும் காலியாக இருந்த பத்துக் கட்டமும் தெரிகிற மாதிரி, கசங்கல்கூட நிமிர்ந்து, அப்படியே நின்றது. பாய் கையைத் தட்டினார். என் வீட்டுக்காரர் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வாய் திறந்து கேட்க அவருக்குப் பயம்.

நான் தாளை உரித்து எடுத்தேன். என் விரலில் இருந்த வெள்ளை மண் பதினாறாவது கட்டத்தில் ஒட்டியது. மடித்து, ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் வைத்தேன்.

"அஞ்சரைக்கு வேணாங்க, அஞ்சு மணிக்கே கெளம்பிடலாம்" என்றேன். "முகூர்த்த நாளு, ரோட்டுல வண்டி அதிகமா இருக்கும்."

திங்கட்கிழமை போய்விட்டு வந்தோம். வடலூர் தாண்டி அந்த முந்திரித் தோப்புப் பக்கம் வரும்போது முள் பாதியில்தான் இருந்தது. அவர் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினார். அன்றிலிருந்து காரை யூனிட் வாசலில், வெயிலிலேயே நிறுத்தினார். அடுத்த ஒன்பது நாளும் விடவில்லை. இருபத்தைந்து கட்டமும் நிரம்பிய அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான். வேலை முடிந்து வந்து, பழக்கத்தில் பைப்பைக் கையில் எடுத்தார். எடுத்தபின் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, உள்ளே வந்து கட்டிலோரம் நின்றார்.

"இன்னா பேசுறதுன்னு தெரியல" என்றார்.

"பேச வேணாம். ஒக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார்.